அம்புக்குறி போட்ட வண்டிகள்

நம் நாட்டில் ஒரு மனிதனுக்கு இரண்டு பெயர் இருப்பது அதிசயமான விஷயம் அல்ல. ஜாதகத்தில் எழுதிய பெயர் ஒன்று; ஊரார் கூப்பிடும் பெயர் ஒன்று. பட்டாளத்துக்குப் போய்த் திரும்பியவர்களுக்கோ மூன்றாவதாக ஒரு பெயரும் சேர்ந்துவிடும். பதினைந்து வருஷம் ராணுவத்தில் இருந்துவிட்டு ஊருக்கு வந்து, நிலத்தைப் பார்த்துக்கொண்டு, பெண்ணுக்குக் கல்யாணம் செய்து கொடுத்து, பேரன் பேத்தி எடுத்த பிறகும் அவர் "மிலிட்டரிக்காரர்"தான். பெயரைச் சொல்லி வீட்டுக்கு வழி கேட்டால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. "மிலிட்டரிக்காரர் வீடு" என்றால் சிறு பையனும் கொண்டுபோய் விட்டுவிடுவான். அவருக்கென்று ராணுவத்தில் ஒரு நம்பர் இருந்தது. கல்யாண நாளை மறந்தாலும் அந்த நம்பரை அவர் மறக்க மாட்டார்.

மனிதர்களுக்கு உள்ள இந்தச் சங்கடம் மோட்டார் வண்டிகளுக்கும் உண்டு. ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஜீப்பும் லாரியும் ஊருக்குள் வரும்போது அவற்றுக்குப் புதிய பெயர் வைக்க வேண்டியிருக்கிறது. பழைய பெயரை என்ன செய்வது? பழைய வர்ணத்தை என்ன செய்வது? எதிரியின் கண்ணில் படக்கூடாது என்று செய்த விளக்குகளை, எல்லோர் கண்ணிலும் பட்டாக வேண்டும் என்று சொல்லும் சாலையில் எப்படி ஏற்றிக் காட்டுவது? நம்பர் தட்டைப் பற்றி ஒரு கட்டுரையா என்று வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். சரித்திரம் கல்வெட்டிலும் செப்பேட்டிலும்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சில சமயம் அது தகரத் தட்டிலும் இருக்கும்.

செங்கற்பட்டிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலையில், பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி, மாமண்டூரும் கழிந்து, மதுராந்தகம் வருவதற்கு முன்னால் படாளம் என்று ஓர் ஊர் இருக்கிறது. வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்களில் பலர் படாளம் கூட்டு ரோட்டில்தான் திரும்புவார்கள். ஊரின் பெயரில் ஒரு 'ட்' கூடியிருந்தால் பட்டாளம் ஆகியிருக்கும். எழுத்து ஒன்று குறைந்தாலும், பட்டாளத்துக்கும் இந்தச் சாலைக்கும் உள்ள உறவு குறையவில்லை. பக்கத்துக் கருங்குழியில் இருந்த கோட்டைக்காக 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் முட்டிக்கொண்டார்கள். வடக்கே பரங்கிமலை நெடுங்காலமாகக் கண்டோன்மெண்ட். 1963 முதல் அங்கே ராணுவ அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் பள்ளியும் நடந்து வருகிறது. சிப்பாய்களின் கால்களையும், குதிரைகளின் குளம்புகளையும், ராணுவ லாரிகளின் சக்கரங்களையும் பார்த்த சாலை இது.

அதே சாலையில் கரும்பு வண்டிகளும் போகும். படாளத்தில் மதுராந்தகம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது அல்லவா? இப்போது டிராக்டரும் லாரியும் கரும்பு சுமக்கின்றன. முன்பெல்லாம் மாட்டு வண்டிகள்தான். இரவு நேரத்தில் வரிசையாக வரும் மாட்டு வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி மறந்திராது. வண்டிக்காரர் தூங்கிக்கொண்டிருப்பார்; மாடுகள் வழி தெரிந்து நடந்துகொண்டிருக்கும்; அச்சுக்குக் கீழே ஓர் அரிக்கேன் லாந்தர் ஆடிக்கொண்டே வரும். அந்த லாந்தரால் வண்டிக்காரருக்கு வழி தெரியாது. "இங்கே ஒரு வண்டி போகிறது, மோதிவிடாதே" என்று பின்னால் வருகிறவனுக்குச் சொல்வதற்காகவே அது தொங்கிற்று. விளக்கில் இரண்டு ஜாதி உண்டு: நாம் பார்ப்பதற்கு ஒன்று, நம்மைப் பார்ப்பதற்கு ஒன்று. இந்தப் பேதத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொண்டால் மேலே சொல்லப்போவது எல்லாம் சுலபமாகப் புரியும்.

முதலில் பெயரைப் பார்க்கலாம். ராணுவ வண்டியின் நம்பர் தட்டில், நம் வண்டிகளில் இருப்பதுபோல் ராஜ்யத்தின் எழுத்தும் வட்டாரத்தின் எண்ணும் இரா. மேல்நோக்கிய ஓர் அம்புக்குறி இருக்கும். அதை ஒட்டி இரண்டு இலக்கம். அது வண்டியைக் கொள்முதல் செய்த வருஷம். பிறகு ஓர் எழுத்து, ஒரு வரிசை எண், கடைசியில் இன்னோர் எழுத்து. 71 என்று இருந்தால் அந்த வண்டி 1971-ல் ராணுவத்தில் சேர்ந்தது என்று அர்த்தம். ஒரு விதத்தில் அது பெயர் மட்டும் அல்ல, பிறந்த தேதிச் சான்றிதழும்கூட. நம் சிவிலியன் நம்பர் தட்டுகளில் பெரும்பாலானவற்றில் இந்த சௌகரியம் கிடையாது. வண்டி எந்த ஊரில் பதிவாயிற்று என்று அவை சொல்லும். எப்போது பிறந்தது என்று சொல்லமாட்டா.

அம்புக்குறி நாம் கண்டுபிடித்தது அல்ல. இங்கிலாந்திலிருந்து வந்த சொத்து. அந்நாட்டில் அரசருக்குச் சொந்தமான பொருள்களின்மேல், பீரங்கியோ பீப்பாயோ கயிறோ எதுவானாலும், அகன்ற அம்பின் தலை ஒன்றைப் பொறிப்பது பல நூற்றாண்டுப் பழக்கம். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில், அதிகாரம் இல்லாதவர்கள் அந்தக் குறியைப் போடுவதும் அந்தக் குறியிட்ட பொருளை வைத்திருப்பதும் குற்றம் என்று சட்டமே செய்துவிட்டார்கள். அமெரிக்கக் குடியேற்றங்களில் கப்பலின் பாய்மரத்துக்கு ஆகும் உயர்ந்த பைன் மரங்களில் இந்த அம்பை வெட்டி வைத்தார்கள். 'என் காட்டு மரத்தில் உன் அம்பா?' என்று அந்த ஊர் ஜனங்களுக்கு உண்டான கோபம் கொஞ்சநஞ்சம் அல்ல. பிரிட்டிஷ் சிறைக் கைதிகளின் உடுப்பிலும் இதே அம்புதான். ஆக, அம்புக்குறிக்கு ஒரே அர்த்தம்: 'இது சர்க்கார் சொத்து, கை வைக்காதே.'

இரண்டாவது மகா யுத்தத்தில் பிரிட்டிஷ் ராணுவம் தன் வண்டிகளுக்கு எண்ணோடு ஓர் ஆங்கில எழுத்தையும் கொடுத்தது. லாரிக்கு 'எல்', காருக்கும் ஜீப்புக்கும் 'எம்', மோட்டார் சைக்கிளுக்கு 'சி', ஆம்புலன்ஸுக்கு 'ஏ', டாங்கிக்கு 'டி'. அமெரிக்கர்கள் எழுத்தைவிட எண்ணை நம்புகிறவர்கள். அவர்களுடைய ஜீப்பின் எண் 20 என்று ஆரம்பிக்கும். அதைத் தகட்டில் எழுதி மாட்டாமல், எஞ்சின் மூடியின் பக்கத்திலேயே வர்ணத்தால் எழுதிவிடுவார்கள். எண்ணின் முடிவில் 'எஸ்' இருந்தால், ரேடியோவில் கரகரப்பு உண்டாகாதபடி அந்த வண்டியின் மின்சார அமைப்பை அடக்கியிருக்கிறது என்று பொருள். யுத்தத்தின் ஆரம்பத்தில் இந்த எண்களை மங்கலான நீலத்தில் எழுதினார்கள். பச்சை வண்டியின் மேல் மங்கல் நீலம்! பக்கத்தில் வந்து உற்றுப் பார்க்கிறவனுக்கு மட்டுமே தெரியும். தெரியவேண்டியவனுக்கு மட்டும் தெரிய வேண்டும், அதுதான் நோக்கம்.

நம்முடைய ராணுவத்திலும் இந்த மரியாதை ஒன்று இன்னும் இருக்கிறது. பிரிகேடியர் முதல் மேலே உள்ள அதிகாரிகளின் கார்களில் நட்சத்திரத் தட்டு உண்டு. பிரிகேடியருக்கு ஒன்று, தளபதிக்கு நான்கு. அதிகாரி காரில் இல்லாதபோது அந்தத் தட்டை மூடிவிட வேண்டும். மனிதன் இல்லாமல் பதவி மட்டும் சாலையில் சவாரி போகக் கூடாது என்பது நல்ல ஏற்பாடு. மற்ற இலாகாக்களிலும் இதை அமல் செய்தால் தேசத்துக்கு க்ஷேமம்.

இனி விளக்கைப் பார்க்கலாம். 1942 ஏப்ரல் 6-ஆம் தேதி ஜப்பானியர் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டார்கள். அதற்கு முதல் நாள்தான் கொழும்பைத் தாக்கியிருந்தார்கள். வடக்கிலும் தெற்கிலும் குண்டு விழுந்தால் நடுவிலுள்ள சென்னை தூங்குமா? ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் ஏறினார்கள். சர்க்கார் காரியாலயங்களே ஊரை விட்டுப் போயின. மிருகக்காட்சிச் சாலையிலிருந்த கொடிய மிருகங்களை, குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆவது என்று சுட்டுக் கொன்றார்கள். இரவில் எங்கும் இருட்டடிப்பு. ஜன்னல்களுக்குக் கறுப்புக் காகிதம். மோட்டார் விளக்குகளுக்கு முகமூடி. ஆகாயத்தில் பறக்கும் ஒருவனுக்குத் தெரியாமல் பூமியில் எப்படி நடமாடுவது என்பதே அந்தக் காலத்துப் பெரிய பிரச்னை.

ராணுவ லாரிகளுக்கோ பிரச்னை இரட்டிப்பு. ஐம்பது லாரிகள் வரிசையாக, இரவில், விளக்கில்லாமல் போகவேண்டும். ஆகாயத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியக் கூடாது. ஆனால் பின்னால் வருகிற டிரைவருக்கு முன்னால் போகிற வண்டி தெரியாவிட்டால், ஜப்பானியர் குண்டு போட வேண்டிய அவசியமே இல்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தாமாகவே நாசமாகிவிடும். இதற்குப் பிரிட்டிஷ் ராணுவம் ஓர் உபாயம் செய்தது. லாரியின் பின் அச்சின் நடுவே குடம்போல் உப்பியிருக்கும் பாகத்துக்கு வெள்ளை அடித்தார்கள். வண்டியின் அடியில் சிறு விளக்கு ஒன்றை வைத்து, அதன் வெளிச்சம் அந்த வெள்ளையின்மேல் மட்டும் விழும்படி மறைப்புப் போட்டார்கள். மேலேயிருந்து பார்த்தால் லாரியின் உடல் மறைத்துவிடும். பின்னால் வருகிறவனுக்கு மட்டும் ஒரு வெள்ளை வட்டம் தெரியும். நம் மாட்டு வண்டியின் லாந்தர் ஞாபகம் வருகிறது அல்லவா? இடம் ஒன்றுதான், அச்சுக்குக் கீழே. ஆனால் லாந்தர் ஊருக்கெல்லாம் பொது. இது பின்னால் வரும் தோழனுக்கு மட்டும்.

அமெரிக்கர்கள் இன்னும் சாமர்த்தியமாகச் செய்தார்கள். அவர்களுடைய ஜீப்பின் பின்விளக்கில் பூனைக்கண் மாதிரி சிறு துவாரங்கள் ஜோடி ஜோடியாக இருக்கும். பின்னால் வரும் டிரைவர் 60 அடிக்குள் நெருங்கிவிட்டால் அவர் கண்ணுக்கு நான்கு புள்ளிகள் தெரியும். 60 அடிக்கும் 180 அடிக்கும் இடையில் இருந்தால் இரண்டு. அதற்கும் பின்தங்கினால் எல்லாம் கலந்து ஒரே புள்ளி. நான்கு தெரிந்தால் வேகத்தைக் குறை. ஒன்று தெரிந்தால் கூட்டு. இரண்டு தெரிந்தால் சரியாகப் போகிறாய். கணக்குத் தெரியாத டிரைவருக்கும் இது போதும். விளக்கின் ஸ்விட்சை இழுத்தால் முதலில் எரிவது இந்த மறைவு விளக்குகள்தான். முழு வெளிச்சம் வேண்டுமானால் தனியாக ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டுதான் மேலே இழுக்க முடியும். இருட்டில் கை தவறி வெளிச்சம் போட்டு எல்லோரையும் காட்டிக் கொடுத்துவிடக் கூடாது அல்லவா?

யுத்தம் முடிந்தது. இந்த மறைந்து வாழ்ந்த வண்டிகளெல்லாம் தேவையற்றுப் போயின. சர்க்கார் அவற்றை 'டிஸ்போஸல்' இலாகா மூலம் விற்றது. ஜனங்கள் வாங்கினார்கள். யுத்த வருஷங்களில் பெட்ரோல் பங்கீட்டினால் கரிப்புகையில் ஓடிய பஸ்களைத் தள்ளித் தள்ளி அலுத்துப்போன நாட்டுக்கு அவை வரப்பிரசாதமாக இருந்தன. லாரிகளுக்கு மரக் கூண்டு கட்டினார்கள்; மலைத் தோட்டங்களில் மரம் இழுக்க விட்டார்கள். சுதந்திரம் வந்த சில வருஷங்களுக்குள் மகிந்திரா கம்பெனியார் வில்லிஸ் ஜீப்பை இங்கேயே பூட்டி விற்கத் தொடங்கினார்கள். ஜபல்பூரிலுள்ள ராணுவத் தொழிற்சாலையில் 1959-ல் சக்திமான் லாரியும், பத்து வருஷத்துக்குப் பின் ஜப்பானிய நிஸ்ஸான் கம்பெனியின் மாதிரியில் ஜோங்கா என்ற வண்டியும் பிறந்தன. இவையும் காலம் முடிந்து ஏலத்துக்கு வந்தன. ஏலத்தில் எடுத்தவர் முதல் காரியமாக என்ன செய்வார்? பெயிண்டரைக் கூப்பிட்டு அம்பையும் எண்ணையும் சுரண்டச் சொல்வார். சட்டமும் அதைத்தான் எதிர்பார்த்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு, தேசப் பாதுகாப்புக்காக மத்திய சர்க்கார் உபயோகிக்கும் வண்டிகளைத் தனி அதிகாரி ஒருவர் பதிவு செய்யலாம் என்கிறது. அப்படிப் பதிவான வண்டி ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலை மிதிக்க வேண்டியதில்லை. ஆனால் சர்க்காரின் கையை விட்டுப் போன மாத்திரத்தில் அந்தச் சலுகை தீர்ந்துவிடுகிறது. எல்லோரையும் போல அதுவும் பதிவு செய்துகொண்டு, செங்கற்பட்டு வட்டாரமானால் டி.என். 19 என்று நெற்றியில் எழுதிக்கொள்ள வேண்டும். எழுத்தின் உயரம் 65 மில்லிமீட்டர், தடிப்பு 10 மில்லிமீட்டர் என்று அளவும் இருக்கிறது. மங்கல் நீலத்துக்கெல்லாம் இங்கே இடமில்லை.

விளக்கு விஷயத்தில் 1989-ஆம் வருஷத்து மத்திய விதிகளில் 105-ஆவது விதி கண்டிப்பாகப் பேசுகிறது. சூரியன் அஸ்தமித்து அரை மணி ஆனதிலிருந்து உதயத்துக்கு அரை மணி முன்வரை, 155 மீட்டர் தூரத்திலுள்ள ஆளும் வண்டியும் தெளிவாகத் தெரியும்படி முன்விளக்கு எரிய வேண்டும். பின்னால் எரியும் சிவப்பு விளக்கும் 155 மீட்டருக்குத் தெரிய வேண்டும். பின்புற நம்பரை 15 மீட்டர் தூரத்திலிருந்து படிக்கும்படி அதன்மேல் ஒரு வெளிச்சம் விழவேண்டும். 180 அடிக்கு அப்பால் ஒற்றைப் புள்ளியாகக் குறுகிப் போகும் பூனைக்கண்ணும், அச்சின்மேல் விழும் ரகசிய வெளிச்சமும் இந்த விதிக்கு முன் எப்படி நிற்கும்? யுத்தத்தில் எது புத்திசாலித்தனமோ அது சமாதான காலத்தில் குற்றம்.

வர்ணம் இன்னும் பெரிய வில்லங்கம். அதே விதிகளில் 121-ஆவது, பாதுகாப்பு இலாகாவின் வண்டிகளைத் தவிர வேறு வண்டிகளுக்கு ஆலிவ் பச்சை வர்ணம் பூசக் கூடாது என்கிறது. இதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளத்துக்குள் புகுந்த பயங்கரவாதிகள் ராணுவ உடுப்புப் போட்டுக்கொண்டுதான் வந்தார்கள். பச்சை வர்ணமும் அம்புக்குறியும் பார்த்ததும் காவல்காரன் கை தானாக ஸல்யூட்டுக்கு உயரும் நாட்டில், அவை யார் கையிலும் கிடைக்கும்படி விடலாகாது.

ஆனால் 2021 ஜூலையில் மத்திய சர்க்கார் பழைய வண்டிகளுக்கென்றே சில புது விதிகளைச் சேர்த்தது. ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளை 'விண்டேஜ்' வண்டிகளாகப் பதிவு செய்யலாம். ஆனால் ஒரு நிபந்தனை: வண்டி பிறந்தபோது இருந்தபடியே இருக்க வேண்டும். சட்டகம், உடற்கூடு, எஞ்சின் முதலியவற்றில் பெரிய மாற்றம் கூடாது. ராஜ்யத்தின் எழுத்துக்குப் பிறகு 'வி.ஏ.' என்று இரண்டு எழுத்துகள் வரும் புது நம்பர் கிடைக்கும். முன்பே பதிவானவை பழைய நம்பரை வைத்துக்கொள்ளலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறு பதிவுக்கு 5,000 ரூபாய், ஆயுள் பத்து வருஷம். கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ஆராய்ச்சிக்கும் போய்வரலாம். தினப்படி ஓட்டக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது. 1971 யுத்தத்துக்குப் போன வண்டிகளுக்கும் இப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது. ஒரு விதி, 'பிறந்தபடியே இரு' என்கிறது; இன்னொரு விதி, 'பிறந்த வர்ணத்தைக் கழுவிக்கொள்' என்கிறது. இரண்டும் ஒரே வண்டியின்மேல் சந்திக்கும்போது சொந்தக்காரர் பாடு திண்டாட்டம்தான்.

அந்தத் திண்டாட்டத்தை நான் படாளம் கூட்டு ரோட்டில் ஒரு மார்கழி மாதத்து மாலையில் நேரில் பார்த்தேன். டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு ஜோங்கா நின்றுகொண்டிருந்தது. பச்சை வர்ணம், பளபளவென்று துடைத்திருந்தது. முன்பக்கத்தில் அம்புக்குறியுடன் ஓர் எண்; பின்பக்கத்தில் ஆர்.டி.ஓ. கொடுத்த எண். பொழுது இருட்டிக்கொண்டு வந்தது. வண்டியின் சொந்தக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். மாமல்லபுரத்தில் ஒரு பழைய வண்டிக் கண்காட்சிக்குப் போகிறாராம். அவரைச் சாலைக் காவலில் இருந்த போலீஸ்காரர் ஒருவர் விசாரித்துக்கொண்டிருந்தார். அதட்டவில்லை, நிதானமாகவே கேட்டார்.

"முன்னாடி ஒரு நம்பர், பின்னாடி ஒரு நம்பரா சார்? ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா நான் எதை எழுதறது?"

"பின்னாடி இருக்கிறதுதான் ஒரிஜினல். முன்னாடி இருக்கிறது எங்க அப்பா நம்பர்."

"அப்பா நம்பரா?"

சொந்தக்காரர் விஷயத்தைச் சொன்னார். அவருடைய தகப்பனார் ராணுவத்தில் டிரைவர். 1971-ல் கிழக்கு எல்லையில் ஜோங்கா ஓட்டியவர். சாகும்வரை அந்த வண்டியின் எண்ணைப் பிள்ளைகளிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாராம். இந்த வண்டி அந்த வண்டி அல்ல. இது வேறு எங்கோ ஏலத்தில் எடுத்து, இரண்டு மூன்று கை மாறி வந்தது. இதன் சொந்த ராணுவ எண்ணை யாரோ எப்போதோ சுரண்டிவிட்டார்கள். நெற்றி காலியாக இருந்தது. பிள்ளை தகப்பனாரின் எண்ணை எழுதிவிட்டார்.

போலீஸ்காரர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்பா நம்பரை வீட்ல மாட்டி வெச்சுக் கும்பிடுங்க சார். ரோட்ல வேணாம். அதோட, பின்னாடி லைட்டே தெரியல. கரும்பு லோடு வர்ற நேரம், இங்க ராத்திரியில இடிச்சுத்தான் சாவறாங்க" என்றார். சொந்தக்காரர் முன் நம்பர்மேல் ஒரு துணியைச் சுற்றிக் கட்டினார். அதிகாரி இல்லாத காரின் நட்சத்திரத் தட்டை மூடுவதுபோல் இருந்தது எனக்கு. பின்விளக்குக்கு உள்ளூர் மெக்கானிக் ஒருவர் பல்பு மாற்றிக் கொடுத்த பிறகு வண்டி புறப்பட்டது.

இதில் யார் பக்கம் நியாயம் என்று நான் வெகு நாள் யோசித்தேன். பிள்ளையின் பக்தி உண்மையானது, சந்தேகம் இல்லை. ஆனால் அந்த எண் அந்த வண்டியைப் பொறுத்தவரையில் பொய். 1971-ல் எல்லைக்குப் போன வண்டி ஒன்று. இங்கே நிற்கும் வண்டி ஒன்று. நாளைக்கு ஒரு சரித்திர மாணவன் அதைப் போட்டோ எடுத்து, 'இதுவே அந்த வண்டி' என்று எழுதினால் அதுதான் நிலைத்துவிடும். அதே சமயம், இந்த வண்டிக்கு ஒரு சொந்தச் சரித்திரம் இருந்திருக்கும். எந்தப் படைப்பிரிவில் இருந்ததோ, எந்தப் பனிமலையில் ஏறியதோ! அதைத் தெரிந்துகொள்ள இருந்த ஒரே சாவி அந்தப் பழைய எண். அதைச் சுரண்டினவனுக்கு ஒரு கால் மணி நேர வேலை. இழந்தது திரும்ப வராது. ஐம்பது வயது ஆயிற்று என்று நிரூபித்தால்தான் 'வி.ஏ.' நம்பர் என்னும்போது, வயதைச் சொல்லும் இரண்டு இலக்கத்தையே அழித்துவிட்டோமே என்று இப்போது கையைப் பிசைகிறவர்கள் இருக்கிறார்கள்.

மற்ற தேசத்தார் இந்தச் சிக்கலுக்கு வெவ்வேறு வழி கண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1980-க்கு முன் செய்து, சரித்திர வண்டி என்ற வகையில் பதிவான வண்டிகள் பழைய மாதிரியில் கறுப்புத் தட்டில் வெள்ளை எழுத்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் இரவில் அந்தத் தட்டின்மேல் விளக்கு எரிந்தே ஆக வேண்டும். அமெரிக்காவில் டெக்ஸாஸ் போன்ற சில ராஜ்யங்களில், ஓய்வு பெற்ற ராணுவ வண்டி தன் பழைய ராணுவ எண்ணையே பதிவு எண்ணாகக் கொள்ள வழி செய்திருக்கிறார்கள். தகரத் தட்டு மாட்டி, வண்டியின் பழைய தோற்றத்தைக் கெடுக்க வேண்டாம் என்ற நல்லெண்ணம்தான். நம் நாட்டின் நிலைமை வேறு. எல்லையில் இன்னும் துப்பாக்கிச் சத்தம் ஓயவில்லை. அம்புக்குறி இன்னும் உயிரோடு இருக்கும் முத்திரை. அதைக் கண்டவர்களுக்கெல்லாம் கொடுக்க முடியாது.

ஆனால் அதற்காகப் பழைய பெயரை அழித்துத்தான் தீர வேண்டும் என்பது இல்லை. எனக்குத் தோன்றுவது இதுதான்: ராணுவம் ஒரு வண்டியை ஏலத்தில் விடும்போது அதன் எண்ணையும் சேர்ந்த வருஷத்தையும் விற்பனைப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்கட்டும். ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுக்கும் பதிவுப் புத்தகத்தில் 'முன்னாள் ராணுவ எண்' என்று ஒரு வரி இருக்கட்டும். பத்திரத்தில் 'முன்னாள் சொந்தக்காரர்' என்று எழுதுவதில்லையா, அந்த மாதிரி. நெற்றியில் வேண்டாம், ஜாதகத்தில் இருந்தால் போதும். கண்காட்சிக் கொட்டகைக்குள் வண்டி நிற்கும்போது அதன் சொந்த எண்ணையும், சொந்த வர்ணத்தையும், பூனைக்கண் விளக்கையும் ஜனங்களுக்குக் காட்டலாம். கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு பெயரால் நடக்கும் கார் மியூஸியம் மாதிரி இடங்களில் இவற்றைப் பார்க்கும் குழந்தைகள், யுத்தம் என்றால் துப்பாக்கி மட்டும் அல்ல, இருட்டில் ஒருவன் பின்னால் ஒருவன் நம்பிக்கையோடு வண்டி ஓட்டுவதும்தான் என்று தெரிந்துகொள்வார்கள்.

சாலைக்கு வந்துவிட்டால் மட்டும் வேறு பேச்சு கிடையாது. 2018-ல் டில்லி ஹைகோர்ட், ஜனாதிபதி முதலானவர்களின் கார்களுக்குக்கூட எல்லோரையும்போல் பதிவு எண் தெரிய வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அசோகச் சின்னத்துக்கே விலக்கு இல்லாதபோது பழைய ஜோங்காவுக்கு என்ன விலக்கு? இந்தச் சாலைகளில் இரவு பத்து மணிக்குமேல் போகிறவர்களைக் கேளுங்கள். பழுதாகி ஓரத்தில் நிற்கும் லாரி. சிவப்பு விளக்கு எரியாத டிராக்டர் பெட்டி. அதற்கு வெளியே நான்கு முழம் நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பு. அவற்றில் மோதிப் போனவர்களின் வீடுகள் எத்தனையோ ஊர்களில் இருக்கின்றன. அந்தப் பட்டியலில் ஒரு பெயரைக் குறைக்க அச்சுக்குக் கீழே ஆடிய மண்ணெண்ணெய் லாந்தருக்கே சக்தி இருந்தது. அதைவிடக் குறைவாக வெளிச்சம் காட்டும் உரிமை எந்த வண்டிக்கும், அது எந்தப் போரில் ஜயித்திருந்தாலும், கிடையாது.

உங்கள் ஊரிலும் எங்காவது ஒரு வைக்கோற்போரின் பக்கத்திலோ, பழைய ரைஸ் மில்லின் கொட்டகையிலோ, சக்கரம் இறங்கிப்போன ராணுவ ஜீப் ஒன்று நின்றுகொண்டிருக்கலாம். அதன் முன்பக்கத்து வர்ணத்தைப் பல அடுக்காகப் பூசியிருப்பார்கள். அடியில் ஓர் அம்பும் சில இலக்கங்களும் இன்னும் இருக்கக்கூடும். அதைச் சுரண்டுவதற்கு முன் ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.